முப்பத்தொரு படிவங்கள்

சஜிதா வேலை செய்த சங்கத்துக்கு நீளமான ஒரு பிரெஞ்சுப் பெயர் இருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் வேறு கதைக்குத் தாவிவிடுவார். ஆகையால் பங்குக் கோயிலில் யாரும் "பிள்ளை இப்ப எங்கை வேலை?" என்று கேட்டால், "மரக்கறித் தோட்டக்காரருக்கு உதவி செய்யிற ஒரு கந்தோர்" என்று சொல்லிவிடுவாள். அது பொய்யில்லை. பெரிய தோட்டக்காரர் பலர் அதில் அங்கத்தவர்கள். அவர்களுக்குப் பூச்சிமருந்து விற்கிற கொம்பனிகளும் அங்கத்தவர்கள்தான். கூட்டங்களில் கூடுதலாகக் கதைப்பவர்களும் அவர்கள்தான். அந்தப் பகுதியை அவள் கோயிலில் சொல்வதில்லை.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. மன்னாரிலிருந்து ஒன்பது வயதில் மொன்றியலுக்கு வந்தவள். இரசாயனவியலில் முதுமாணிப் பட்டம் பெற்றவள். பியர்பொன்ட்ஸில் வீடு. கணவன் றெனோல்ட் பஸ் கராஜ் ஒன்றில் மெக்கானிக். ஒரு மகள். பட்டம் கிடைத்த வருடம், பங்கு மண்டபத்தில் ஒளிவிழாவுக்கு நடுவே றோசலின் அன்ரி எழும்பி, "எங்கட சஜிதா இனி சயன்ரிஸ்ற், எல்லாரும் ஒருக்காக் கைதட்டுங்கோ" என்று சொன்னார். சஜிதா வெட்கப்பட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள். அந்த வெட்கம் இனிமையானது. பிறகு அவளுக்கு வந்து சேர்ந்தது வேறு வெட்கம்.

ஒரு வசந்தகாலத்தில் ஒட்டாவாவிலிருந்து அறிவித்தல் வந்தது. லெற்றஸ், செலறி, வெங்காயம் என்று பல பயிர்களுக்கு நாற்பது வருடமாக அடித்து வந்த ஒரு பூச்சிமருந்தை மத்திய அரசு மறுபரிசீலனை செய்திருந்தது. சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து குறைவு, தோட்டத்தில் கையால் வேலை செய்கிறவர்களுக்குத்தான் கூட என்று அதில் எழுதியிருந்தது. அதுவரை மருந்தடித்து ஒரு நாள் கழிந்தால் ஆட்களை இறக்கலாம். இனிப் பன்னிரண்டு நாள் கழிய வேண்டும் என்றார்கள். லெற்றஸுக்குப் பன்னிரண்டு நாள் என்பது அந்த மருந்தை அடிக்கவே வேண்டாம் என்பதற்குச் சமன். களை பிடுங்குவதும் கையால், வெட்டுவதும் கையால்.

சங்கம் ஆட்சேபணை தயாரிக்கத் தொடங்கியது. மாற்று மருந்து இல்லை, வெளிநாட்டு லெற்றஸ் வந்து உள்ளூர்த் தோட்டங்களை மூடச் செய்யும் என்றெல்லாம் எழுதினார்கள். அவை வழக்கமான நியாயங்கள். உண்மையான பிடி வேறு இடத்தில் இருந்தது. தொழிலாளி நாள் முழுக்க வெறுங்கையோடு இலையைத் தொடுகிறான் என்று வைத்துத்தான் அரசாங்கம் தன் கணக்கைப் போட்டிருந்தது. கையுறை போட்டுத் தொடுகிறான் என்று காட்டினால் பன்னிரண்டு நாள் இரண்டு நாளாகச் சுருங்கிவிடும்.

"அப்படியென்றால் தோட்டத்துக்குப் போய் ஆட்களைக் கேட்க வேண்டும்," என்றார் லுக். அவர்தான் சஜிதாவின் மேலாளர். நரைத்த தாடி, மெல்லிய குரல், தானே ஒரு தோட்டக்காரனின் மகன். "தெற்கே மூன்று பெரிய தோட்டங்களில் வேலை செய்பவர்கள் உங்கள் ஆட்கள். மற்ற மொழிக்காரரை மற்றவர்கள் பார்ப்பார்கள். உன் ஆட்களை உன்னைத் தவிர யார் கேட்பது?"

அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ஆடி மாத வெயிலில், ஆற்றைத் தாண்டி ஒரு மணி நேரம் கார் ஓடிப் போனாள். கரி போலக் கறுத்த மண். அதில் கண்ணுக்கு எட்டிய தூரம் லெற்றஸ் வரிசை. குனிந்து நின்ற முதுகுகளில் ஒன்று நிமிர்ந்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்துச் சத்தமிட்டது.

"உது எங்கட சஜிதாவெல்லே!"

றோசலின் அன்ரி. மொன்றியலின் வில்லரேப் பகுதியில் இருப்பவர். கோயிலில் சேலையும் முத்துமாலையுமாகவே சஜிதா அவரைப் பார்த்திருக்கிறாள். இங்கே மகனின் பழைய சேட்டு, ரப்பர்ச் சப்பாத்து, தலையில் துவாய். ஐம்பத்தொன்பது வயதில் பதினோராவது கோடையாக இந்தத் தோட்டத்துக்கு வருகிறார் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிய வந்தது. அவர் மற்றவர்களைக் கூப்பிட்டார். "பயப்பிடாதையுங்கோ, எங்கட கோயில் பிள்ளை. கெமிஸ்ற்றி படிச்சவ. கேக்கிறதுக்கு உள்ளதைச் சொல்லுங்கோ."

ஆட்களைத் தன் வான் வண்டியில் ஏற்றி இறக்குபவரும் மேய்ப்பவருமான நகுலேஸ்வரன் ஒரு புதுப் பெட்டியைக் கொண்டுவந்து உடைத்தார். நீலநிறக் கையுறைகள். எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். சஜிதாவோடு வந்த புகைப்படக்காரன் பதினைந்து நிமிடம் படம் எடுத்தான். முடிந்ததும் நகுலேஸ்வரன் வரிசையாக வந்து, "கழட்டித் தாங்கோ, கழட்டித் தாங்கோ" என்று எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டியில் போட்டார். சஜிதா அந்தப் பக்கம் பார்க்காமல் தன் படிவங்களை அடுக்கினாள்.

கொட்டிலின் நிழலில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டாள். றோசலின் வந்து பெட்டியொன்றின் மேல் அமர்ந்தார்.

"அன்ரி, கிளவுஸ் இஞ்சை கிடைக்குமோ?"

"கிடைக்கும். உந்த மூலையிலை எப்பவும் கிடக்கும்."

"போடுறனீங்களோ?"

றோசலின் சிரித்தார். "போட்டா கத்தி வழுக்கும், பிள்ளை. இலை ஈரம். வரிசையிலை பின்னுக்கு நிண்டா நகுலேஸ் சத்தம் போடுவார். முதல் வருசம் போட்டனான். பேந்து விட்டிட்டன்."

"மருந்தடிச்ச அடுத்த நாள் இறங்கினா ஏதும் செய்யுமோ?"

அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை. அவளாகக் கேட்டது. றோசலின் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண் எரியும். தலை பாரமாக் கிடக்கும். மத்தியானத்துக்குப் பிறகு விரல் விறைச்சுப் போகும், தொட்டாலும் தெரியாது. பின்னேரம் வீட்டை போய்ச் சேட்டுப் பொத்தானைக் கழட்டேலாமல் மகனைக் கூப்பிடுறனான். முந்தி ரெண்டு நாளிலை சரியாகும். இப்ப வேலை இல்லாத மாரியிலையும் கிடக்கு."

அதை எழுத இடமிருக்கவில்லை. சஜிதா படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள். அன்றும் அடுத்த இரு வாரங்களிலுமாக முப்பத்தொரு படிவங்கள் சேர்ந்தன. ஒன்பது படிவங்களின் ஓரத்தில் பென்சில் எழுத்து இருந்தது.

புரட்டாதியில் அறிக்கை எழுதினாள். "கையுறை கிடைக்கிறதா?" முப்பத்தொரு பேரும் ஓம் என்றிருந்தார்கள். "போடுகிறீர்களா?" எப்போதும் என்றவர்கள் நான்கு பேர். இடைக்கிடை என்றவர்கள் ஒன்பது. இல்லை என்றவர்கள் பதினெட்டு. லுக் அந்த இரண்டாவது கேள்வியின் மேல் விரலை வைத்தார்.

"இதற்கு வந்த விடைகள் நம்பத்தக்கவையா? ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். இதை விட்டுவிடலாம்."

விட்டாள். பிறகு அவள் எழுதியிருந்த வாக்கியத்தைப் படித்தார்: கேட்கப்பட்ட அனைவருக்கும் கையுறை கிடைக்கிறது.

"கிடைக்கிறது," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். "பலமில்லாத சொல். பயன்படுத்துகிறார்கள் என்று போடலாமா? நான் தோட்டத்துக்குப் போகவில்லை, நீதான் போனாய். நீயே முடிவு செய்."

அவர் எழும்பிப் போய்விட்டார். யாரும் அவள் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அதைத்தான் பிறகு அவள் திரும்பத் திரும்ப நினைத்தாள். மிரட்டியிருந்தால், வேலை போகும் என்று சொல்லியிருந்தால், ஏதாவது ஒரு சாட்டாவது மிஞ்சியிருக்கும். தனியே இருந்து, யன்னலுக்கு வெளியே ஒரு பஸ் வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவளே அந்த ஒரு சொல்லை அழித்து மற்றதை எழுதினாள். படங்களையும் சேர்த்தாள். பென்சில் எழுத்தை எங்கும் சேர்க்கவில்லை. ஆட்சேபணை நூற்று நாற்பது பக்கத்தில் ஒட்டாவாவுக்குப் போனது.

தை மாதம் ஒட்டாவாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தோட்டத் தொழிலாளருக்காகக் கதைக்கும் ஓர் அமைப்பு அந்தக் கணக்கெடுப்பை நம்ப முடியாது என்று எழுதியிருந்ததாம். ஆகவே கேட்கப்பட்டவர்களில் ஒருவரோடாவது தாங்கள் நேரடியாகக் கதைக்க விரும்புவதாக அதிகாரிகள் கேட்டிருந்தார்கள். வீடியோவில் போதும், மொழிபெயர்ப்பாளரைத் தாங்களே ஒழுங்கு செய்வார்கள். லுக் நகுலேஸ்வரனைக் கேட்டார். நகுலேஸ்வரன் றோசலினின் பெயரைக் கொடுத்தார். "நல்ல மனிசி, பிரச்சினை இல்லாத ஆள்" என்றாராம்.

மாசியில் ஒரு நாள், காது விறைக்கும் குளிரில், சஜிதா வில்லரேக்குப் போய் றோசலினை மெற்றோவில் கூட்டிக்கொண்டு வந்தாள். றோசலின் பூசைக்குப் போவதுபோல உடுத்தியிருந்தார். வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள்.

"என்ன கேப்பினம், பிள்ளை?"

"கிளவுஸைப் பற்றித்தான் அன்ரி. போடுறனீங்களோ எண்டு."

"அதுதான் நான் உனக்கு முந்தியே சொன்னனே."

சஜிதா தன் மடியைப் பார்த்தாள். "நாங்கள் அனுப்பினதிலை எல்லாரும் போடுறவை எண்டு இருக்கு."

"ஆர் அப்பிடி எழுதினது?"

"நான்."

வண்டி ஒரு தரிப்பில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கதவு மூடியது. றோசலின் கைப்பையைத் திறந்து, ஒரு கைலேஞ்சியை எடுத்து, தேவையில்லாமல் வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி" என்றார். அவ்வளவுதான்.

அப்படிச் சொல்லுங்கள் என்று சஜிதா கேட்கவில்லை. கேட்காமலே வேலை நடந்துவிட்டது.

கூட்ட அறையில் திரையில் இரண்டு அதிகாரிகள் தெரிந்தார்கள். ஒரு பெண், ஓர் ஆண், இருவரும் மரியாதையானவர்கள். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் வந்தார். சென்னைப் பக்கத்துப் பெண் குரல். "வணக்கம்மா, நான் பேசுறது உங்களுக்குப் புரியுதுங்களா?" என்று கேட்டது. லுக் மேசையின் அந்த முனையில் இருந்தார். சஜிதா றோசலினுக்குப் பக்கத்தில்.

"வேலை செய்யும்போது கையுறை அணிவீர்களா?"

"ஓம், போடுறனாங்கள்."

"எப்போதுமா?"

றோசலின் ஒருதரம் சஜிதாவைத் திரும்பிப் பார்த்தார். "எப்பவும்."

பத்து நிமிடம் இப்படிப் போனது. எத்தனை மணி நேரம் வேலை, நீளக்கைச் சட்டை போடுவீர்களா, கை கழுவ இடமிருக்கிறதா. றோசலின் எல்லாவற்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னார். கடைசியாக அந்தப் பெண் அதிகாரி கேட்டார்: "உங்கள் உடம்புக்கு ஏதாவது செய்கிறதா? ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

"எனக்கு ஒண்டுமில்லை," என்றார் றோசலின். பிறகு, தன் இரண்டு கையையும் மேசைக்கு மேலே எடுத்து வைத்து, திரையை மறந்து, சஜிதாவின் பக்கம் முழுதாகத் திரும்பினார். "இந்தக் கை விறைக்கிறது வயசாலதானே, பிள்ளை?"

அது யாருக்கும் காட்டுவதற்காகக் கேட்ட கேள்வியில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். படித்த பிள்ளை, தெரிந்தவள், பொய் சொல்ல மாட்டாள் என்ற நினைப்பில் கேட்டார்.

தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் தடுமாறினார். "கை வெரைக்குதுன்னா... குளிர்லயா? மன்னிக்கணும், அந்த வார்த்தை எனக்குச் சரியாப் புரியலை." அதிகாரி சஜிதாவைப் பார்த்து, "அவர் உங்களிடம் என்ன கேட்டார்?" என்றார்.

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். லுக் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வயதானதால் கையில் ஒரு பிடிப்பு இருப்பதாகச் சொல்கிறார்," என்று பிரெஞ்சில் சொன்னாள். பிறகு றோசலினிடம் திரும்பி, தமிழில், "ஓம் அன்ரி, வயசாலதான்" என்றாள்.

றோசலினின் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்ததும் சஜிதாவுக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

கூட்டம் முடிந்ததும் லுக் அவள் தோளைத் தட்டி, நன்றாகச் சமாளித்தாய் என்றார். அவரும் சந்தோசத்தில் சொல்லவில்லை. களைத்த மனிதராகத்தான் தெரிந்தார். அவருடைய தகப்பனின் தோட்டம் ஒரு பூச்சியால் அழிந்து ஏலத்தில் போனதென்று அவர் முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறார். அவர் தான் செய்வதை நம்பினார். சஜிதாவுக்கு அந்த நம்பிக்கையும் இருக்கவில்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலம் வந்தது. மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, றோசலின் ஒரு பேணியில் தேநீரோடு வந்து பக்கத்தில் நின்றார். ஊர்க்கதை இரண்டு சொன்னார். பிறகு, யாரோ சந்தையில் மீன் வாங்கியதைச் சொல்கிற குரலிலேயே சொன்னார்:

"நேற்றுச் சுவாமியிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்தனான், பிள்ளை. அரசாங்க ஆக்களுக்கு முன்னாலை பொய் சொன்னனான் எண்டு சொன்னன். ஆருக்காகச் சொன்னனீங்கள் எண்டு சுவாமி கேட்டவர். நான் பேர் சொல்லேல்லை." தேநீரை ஊதி ஒரு மிடறு குடித்தார். "மனம் லேசாப் போச்சு. நீயும் ஒருக்காப் போயிட்டு வா."

குத்திக் காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. நல்ல கடையைச் சொல்லி அனுப்புவதுபோலத்தான் சொன்னார். சஜிதா "ஓம்" என்றாள். அதற்கு மேல் அந்த மண்டபத்தில் நிற்க முடியவில்லை. பேணியைக் கழுவாமலே வைத்துவிட்டுக் காருக்குப் போய், றெனோல்ட் மகளைக் கூட்டிக்கொண்டு வரும்வரை முன்னிருக்கையில் தனியே இருந்தாள். தன் பாவத்தை இன்னொருத்தி சுமந்து கொண்டுபோய் முழங்காலில் நின்று இறக்கிவிட்டு வந்திருக்கிறாள் என்ற நினைப்பு, அவள் முகத்தை நெருப்பில் பிடித்ததுபோல எரித்தது.

திங்கட்கிழமை காலை கந்தோரில் எவரும் வருமுன்னரே போனாள். அலுமாரியிலிருந்து முப்பத்தொரு படிவங்களையும் எடுத்து, ஓரத்துப் பென்சில் எழுத்துத் தெரியும்படி பிரதி எடுத்தாள். பெயர்களைக் கறுப்பு மையால் மறைத்தாள். அவற்றோடு இரண்டு பக்கக் கடிதம் எழுதினாள். சொல்லை மாற்றியது தான் என்றும், படங்களுக்காக மட்டும் கையுறை போடப்பட்டதென்றும், நேர்காணலில் அந்தப் பெண் தன்னிடம் என்ன கேட்டார், தான் என்ன சொன்னாள் என்பதையும், ஒன்றும் விடாமல் எழுதினாள். ஒட்டாவா அதிகாரிக்கு அனுப்பினாள். அனுப்பிய கையோடு லுக்கின் அறைக்குப் போய்ச் சொன்னாள்.

"நான் உன்னை வற்புறுத்தினேனா?" என்று லுக் கேட்டார்.

"இல்லை."

"இல்லை," என்று அவரும் சொன்னார். "இதையும் நீயேதான் முடிவு செய்தாய். மருந்தை நிறுத்தினால் அந்தத் தோட்டங்கள் மூடும். அந்த ஆட்களுக்கு வேலை இருக்காது. நீ யாரைக் காப்பாற்றினாய், சஜிதா?"

மத்தியானத்துக்குள் அவளுடைய சாமான்கள் ஒரு பெட்டிக்குள் வந்துவிட்டன.

அன்று பின்னேரம் றெனோல்டிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது ஏதோ ஒரு பாரம் இறங்குவது போலவும் இருந்தது. ஒருவேளை அவன் மெச்சுவான் என்றுகூட அடிமனதில் எதிர்பார்த்தாள். றெனோல்ட் கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டான்.

"அனுப்ப முதல் அந்த மனிசியிட்டைக் கேட்டனியோ?"



கேட்கவில்லை. அப்படி ஒன்றைக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. பெயரை மறைத்திருந்தாள்தான், ஆனால் நேர்காணலில் இருந்தது ஒரே ஒரு பெண். அது யார் என்று லுக்குக்குத் தெரியும், நகுலேஸ்வரனுக்குத் தெரியும், தோட்டக்காரருக்குத் தெரியும். அரசாங்கத்துக்குப் பொய் சொன்னவள் என்று கடிதத்தில் எழுதியிருந்தது றோசலினைத்தான். முதல்தரம் மெற்றோவிலாவது விசயத்தைச் சொன்னாள். இரண்டாந்தரம் அதுவும் இல்லை. தன் மனம் லேசாவதற்காக அந்தக் கையையே மறுபடியும் பிடித்து இழுத்திருந்தாள்.

அடுத்த நாள் வில்லரேக்குப் போய்க் கதவைத் தட்டினாள். றோசலின் கேட்டுக்கொண்டு நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"என்ர பேர் வருமோ?"

"பேர் இல்லை அன்ரி. ஆனா தெரிஞ்சாக்களுக்குத் தெரியும்."

"அப்ப வைகாசியிலை நகுலேஸின்ர வானுக்கை இடமிருக்காது." கோபமாகச் சொல்லவில்லை, நாள்காட்டியைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, "கறி அடுப்பிலை" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

வைகாசி வந்தது. மெற்றோ வாசலில் வான் வந்து நின்றது. நகுலேஸ்வரன் மற்றப் பத்துப் பேரையும் ஏற்றிக்கொண்டு போனார். றோசலினுக்கு அழைப்பு வரவில்லை. ஒரு மாதத்துக்குப் பின்னர் ஒரு ஹொட்டேலின் லோண்டரியில் துணி மடிக்கும் வேலை கிடைத்தது. கோயிலில் இருவரும் பார்த்துக்கொண்டால் றோசலின் தலையசைப்பார். முன்பு போல வந்து பக்கத்தில் நிற்பதில்லை. சஜிதா தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு ஆய்வுகூடத்தில் சேர்ந்தாள். கோயில் சனத்துக்குப் பாதிக் கதை தெரியும். அதில் அவள் நல்லவளாக இருந்தாள். ஒருநாள் ஞானாம்பிகை என்ற பக்கத்து வீட்டு மனிசி, "நீர் நேர்மைக்காக வேலையை விட்டனீராம்" என்று பாராட்டியபோது, சஜிதா இல்லை என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் விளக்கமும் சொல்ல முடியாமல் நின்றாள்.

ஐப்பசியில் இறுதித் தீர்மானம் வெளியானது. லெற்றஸுக்கு அந்த மருந்து அடிக்கக் கூடாது. செலறிக்கும் வெங்காயத்துக்கும் அடிக்கலாம், ஆனால் ஆறு நாள் கழிந்துதான் ஆட்களை இறக்கலாம். சஜிதா இருநூறு பக்கங்களையும் வாசித்தாள். எண்பத்தெட்டாம் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், தொழில்துறை சமர்ப்பித்த தொழிலாளர் கணக்கெடுப்பு கவனத்தில் எடுக்கப்படவில்லை என்று ஒரு வரி இருந்தது. ஏன் என்று எழுதவில்லை. அவளுடைய கடிதம் காரணமா, அதற்கு முன்னமே அவர்கள் நம்பவில்லையா, யாருக்குத் தெரியும். சங்கம் அதற்கும் மறு ஆட்சேபணை போட்டது. தோட்டங்கள் மூடவில்லை. அடுத்த கோடைக்கும் வான் ஓடும் என்று நகுலேஸ்வரன் சொன்னதாகக் கேள்விப்பட்டாள்.

கார்த்திகையில் றோசலினிடமிருந்து போன் வந்தது. ஒன்பது மாதத்தில் முதல் தடவை.

"டொக்டரிட்டைப் போகவேணும். மகனுக்கு லீவில்லை. எனக்குப் பிரெஞ்சு அவ்வளவு ஓடாது. நீ வருவியோ?"

"வாறன் அன்ரி."

நரம்பு வைத்தியர் இளவயதுப் பெண். றோசலினின் விரல் நுனிகளை ஊசிமுனையால் தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். வலது கையில் மூன்று விரல்களில் ஒன்றும் தெரியவில்லை. எப்போதிருந்து என்று கேட்டார். றோசலின் நேரே வைத்தியரைப் பார்த்துத் தமிழில் சொல்லத் தொடங்கினார். சஜிதா வசனம் வசனமாகப் பிரெஞ்சில் சொன்னாள். பதினொரு கோடை. மருந்தடித்த மறுநாள். வெறுங்கை. கண் எரிச்சல். பொத்தான் கழட்ட ஏலாது.

"ஏன் முன்னமே வரவில்லை?" என்று வைத்தியர் கேட்டார்.

றோசலின் இப்போதும் சஜிதாவைப் பார்க்கவில்லை. "இந்தப் பிள்ளையிட்டைக் கேட்டனான். வயசாலதான் எண்டு சொன்னவ. அதுதான் வரேல்லை."

வைத்தியர் பேனாவோடு காத்திருந்தார். சஜிதா நினைத்தால் அந்த வசனத்தை வளைத்திருக்கலாம். தெரிந்த ஒருவர் சொன்னார் என்றாலே போதும், றோசலினுக்கு விளங்கியிராது.

"இவர் என்னிடம் கேட்டார்," என்று சஜிதா பிரெஞ்சில் சொன்னாள். "வயதுதான் காரணம் என்று நான் சொன்னேன். அது உண்மையில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்."

வைத்தியர் தலையை நிமிர்த்தி அவளை ஒரு கணம் பார்த்தார். எழுதினார். பூச்சிமருந்தால்தான் இப்படி என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, நரம்பைச் சோதிக்க வேண்டும், காத்திருப்போர் பட்டியல் நீளம், சித்திரைக்கு முன் கிடைக்காது என்றார். இழந்த உணர்வு எல்லாம் திரும்பி வருமென்று எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். அதையும் சஜிதா அப்படியே தமிழில் சொன்னாள். றோசலின் தலையாட்டினார்.

வெளியே பனித்தூறல். பஸ் தரிப்பில் இருவரும் நின்றார்கள். சஜிதா, "அன்ரி, என்னை மன்னியுங்கோ" என்றாள். ஒன்பது மாதமாக ஒத்திகை பார்த்த வசனம். வாயால் வந்தபோது மிகச் சிறியதாக இருந்தது.

றோசலின் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்டைக்கு நான் கையைக் காட்டிக் கேக்கேக்கை, வயசாலை இல்லை எண்டு நீ ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் அவையளுக்கு உள்ளதைச் சொல்லியிருப்பன்," என்றார். "உன்ர முகத்துக்காகச் சொன்ன பொய்யை நான் கடவுளிட்டைச் சொல்லி முடிச்சிட்டன். மற்றப் பொய் உன்ர. அதுக்கு நான் என்ன செய்யிறது?"



பஸ் வந்தது. றோசலின் இடதுகையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஏறி நின்று, கதவு மூடுமுன் திரும்பினார்.

"சித்திரையிலை அந்தச் சோதனைக்கும் ஆள் வேணும். நாள் வந்த உடனை சொல்லுறன்."

"சொல்லுங்கோ," என்றாள் சஜிதா. பஸ் போய்விட்டது. அவளுடைய பஸ் எதிர்ப்பக்கத் தரிப்பில் வரும். பனி கண்ணிமையில் விழுந்து உருக, வீதியைக் கடந்து போய் அங்கே நின்றாள்.